நீல மூடிப் பேணியில் ஒரு துண்டு குறைவு

கண்டியில் இப்போது நல்ல கித்துள் கருப்பட்டி கிடைப்பது பெரும்பாடு. எல்லாவற்றிலும் சீனியைக் கலந்துவிடுகிறார்கள். கலகெதரையில் ஒரு மனிதர் இன்னும் ஒழுங்காகக் காய்ச்சுகிறார் என்று பக்கத்து வீட்டு ஹாஷிம் கண்டுபிடித்துச் சொன்னான். அதைத்தான் உமக்குத் தேத்தண்ணீரோடு வைத்திருக்கிறேன், சுபோதினி. கடித்துக்கொண்டு குடியும். இதில் கருப்பட்டி மட்டும்தான் இருக்கிறது.

அந்த ஒலிப்பதிவுப் பெட்டியை இன்னும் கொஞ்சம் கிட்ட வையும். என் குரல் வர வர எலிக் குரலாகிக்கொண்டு போகிறது. முப்பது வருடம் எலிகளோடு குடித்தனம் நடத்தியவனுக்கு வேறென்ன குரல் வரும்?

நான் ஓய்வு பெறுகிறேன் என்று பாராட்டு மலர் போடுகிறார்கள். அதற்கு ஒரு பேட்டி எடுக்க, கொழும்பிலிருந்து சாவடிக்குச் சாவடி இறங்கி அடையாள அட்டையைக் காட்டிக்கொண்டு குண்டசாலைக்கு வந்திருக்கிறீர். வந்ததும் வராததுமாய், “எண்பத்து மூண்டுக் கலவரத்திலை பதினொரு பேரை இந்த வீட்டிலை ஒளிச்சு வைச்சுக் காப்பாத்தினீங்கள் சேர், அதைப்பற்றிச் சொல்லுங்கோ” என்று கேட்டீர். அந்தப் பதினொரு பேரில் நீரும் ஒருத்தி. அப்போது உமக்கு ஏழு வயது. அம்மா ஞானேஸ்வரியின் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வந்தீர், போகும்போது அப்பா விவேகானந்தனின் கையைப் பிடித்துக்கொண்டு போனீர்.

கலவரப் பயத்தில் தொய்வு இழுப்பு முற்றி அம்மா இறந்தார் என்று எல்லோரும் எழுதியாகிவிட்டது. நீரும் அப்படித்தான் எழுதப்போகிறீர். அங்கேதான் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது. பிழையான தரவை என்னால் பொறுக்க முடியாது. தவிரவும், என் வாழ்நாளில் செய்த ஆகச் சிறந்த பரிசோதனையை இத்தனை வருடமாக ஒருவருக்கும் சொல்ல முடியாமல் வைத்திருக்கிறேன். இந்த மலரில் எழுதுகிற மற்றப் பேயர்களுக்கு அது விளங்காது. நீர் மருந்தியல் படித்தவர். ஆறுதலாகக் கேளும்.

என் துறை உமக்குத் தெரியும். ஆனால் மலரை வாசிக்கிறவர்களுக்கு நான் இப்படித்தான் சொல்வேன். கண்டியிலிருந்து குண்டசாலைக்குப் போகிற பஸ்ஸில், வெளியே நின்றபடியே யன்னலுக்குள்ளால் கைலேஞ்சியைப் போட்டு ஆசனம் பிடிப்பார்களே, என் மருந்தும் அதையே செய்கிறது. பயம் வந்தால் உடம்பில் அட்ரினலின் ஓடுகிறது. இதயத்தில் அது உட்காருவதற்கென்று ஆசனங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு வாங்கிகள் என்று பெயர். அட்ரினலின் உட்கார்ந்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். என் மருந்து முந்திக்கொண்டு போய் லேஞ்சியைப் போட்டுவிடும். அட்ரினலின் நின்றபடி பயணம் செய்யவேண்டியதுதான்.

சிக்கல் என்னவென்றால், நுரையீரலிலும் ஏறக்குறைய அதே மாதிரி ஆசனங்கள் உண்டு. அங்கே அட்ரினலின் உட்கார்ந்தால்தான் மூச்சுக்குழாய் விரிந்து கிடக்கும். என் மருந்து குருட்டுத்தனமாக அங்கேயும் லேஞ்சியைப் போட்டால் குழாய் இறுகிவிடும். நல்ல சுகதேகிக்கு ஒன்றும் தெரியாது. தொய்வுக்காரருக்கு மூச்சு நிற்கும். ஆகவே இதயத்தில் மட்டும் ஆசனம் பிடிக்கிற மருந்துதான் உலகத்துக்கு வேண்டியிருந்தது. இலண்டனில் கலாநிதிப் பட்டம் முடித்து நான் கொண்டுவந்தது இரண்டு பெட்டி உடுப்பும் அந்த ஆசையும்தான்.

பதின்மூன்று மருந்துச் சேர்வைகள் செய்தேன். பதின்மூன்றும் எலிகளைப் பரலோகம் அனுப்பின. பதினான்காவது அனுப்பவில்லை. அதற்குக் குண்டசாலையை நினைத்து கே.எஸ். பதினான்கு என்று பெயர் வைத்தேன். கலியாணம் கட்டாதவனுக்குப் பிள்ளைக்குப் பெயர் வைக்கிற ஆசை வேறெங்கே தீரும்?

அடுத்து, பயந்த மனிதர்கள் தேவைப்பட்டார்கள். எங்கள் எலிகள் அரச உத்தியோகத்தர் மாதிரி, எதற்கும் பதறுவதில்லை. பரீட்சைக்குப் போகிற மாணவரைப் பிடித்துப் பார்த்தேன். எங்கள் பெடியன்களுக்குப் பரீட்சைப் பயமும் கிடையாது. மனிதரில் சோதிக்க அனுமதி தரவேண்டிய ஒரு குழு இருந்தது. அது வருடத்துக்கு ஒருமுறை கூடும். பற்றிஸ் தின்னும். அடுத்த கூட்டத்துக்குத் திகதி குறித்துவிட்டுக் கலையும். நான் காத்திருந்தேன், சும்மா சொல்லக்கூடாது, பொறுமையாகத்தான் காத்திருந்தேன்.

அப்போதுதான் யூலை வந்தது. கொழும்பில் திங்கட்கிழமை தொடங்கிக் கண்டிக்குச் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. டவுனில் எங்கள் தமிழ் ஆட்களின் கடைகள் எரிகிற புகை இந்த முற்றத்துக்குத் தெரிந்தது. என் வீட்டுக்காரர் வயதான சிங்கள மனிதர். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு படலையில் நின்று, வந்தவர்களிடம், “இங்க இருக்கிறது எலி வைத்தியர், உள்ள போனா எலி கடிக்கும்” என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். பேராசிரியர் என்று சொல்லியிருந்தால் கொளுத்தியிருப்பார்கள்.

பின்னேரம் ஹாஷிம் தன்னுடைய லொறியில், பெயின்ற் வாளிகளுக்கு நடுவே ஒளித்து ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினான். கலகெதரையில் அவனுக்கு இரும்புச் சாமான் கடை. முதலில் இறங்கியது மஹய்யாவப் பக்கத்து மூக்கையா, ஆய்வுகூடத்தில் எலிகளுக்குச் சாப்பாடு போடுகிறவர், தன் வீட்டார் மூன்று பேரோடு. பிறகு அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்த இரண்டு கிளாக்கர்மார், மனைவிமாரோடு. கடைசியாக நீங்கள் மூவரும்.

உங்கள் அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். “சேர், குறை நினையாதேங்கோ, நாங்கள் கோயில் முகாமுக்குப் போறம். அங்கை டொக்டர்மார் நிக்கினமாம். இவவுக்குத் தொய்வு எண்டு உங்களுக்குத் தெரியும்தானே” என்றார்.

“முகாமிலை சனம் நெரிபடுது விவேகானந்தன், ஒரே தூசி. அங்கை கொண்டுபோய் இவவைக் கிடத்தப்போறீரே? என்ரை அலுமாரியிலை மூச்சு ஊசி கிடக்கு. இழுப்பு வந்தா நானே போடுவன்” என்று சொல்லி, அலுமாரியைத் திறந்து மருந்துக் குப்பிகளைக் காட்டினேன்.

உங்கள் அம்மா எட்டிப் பார்த்தார். ஒரு குப்பியைக் கையில் எடுத்துப் பெயரை வாசித்தார். முகம் தெளிந்துவிட்டது. “அப்ப சரி, நாங்கள் இங்கையே நிப்பம்” என்றார். அந்த ஊசியை நம்பித்தான் நீங்கள் இந்த வீட்டில் தங்கினீர்கள். இதை மலரில் எழுதும்.

அன்று உங்களுடைய முகங்களைப் பார்த்தேன். மூக்கையாவின் மனைவி தேத்தண்ணீர்க் கோப்பையைப் பிடிக்க முடியாமல் நிலத்தில் வைத்துக் குனிந்து குடித்தார். நான் கவலைப்படவில்லை என்று நினையாதேயும். மனம் கொதித்தது. அதோடு, இப்படிப் பயந்த ஒரு தொகுதி ஆட்கள் எந்த இலண்டன்காரனுக்கும் வாழ்நாளில் கிடைக்காது என்றும் தோன்றியது. இரண்டும் உண்மைதான்.

பால்மா முடிந்திருந்தது. வெறும் தேத்தண்ணீருக்குக் கருப்பட்டிதான் துணை. கே.எஸ். பதினான்கு கடுங்கைப்பு, ஆனால் கித்துள் கருப்பட்டி எந்தக் கைப்பையும் மூடிவிடும். இரண்டு தகரப் பேணிகள் எடுத்தேன். சிவப்பு மூடிப் பேணியில் மருந்து வைத்த துண்டுகள், நீல மூடிப் பேணியில் வெறும் துண்டுகள். பெரியவர்களில் பாதிப்பேருக்குச் சிவப்பு, பாதிப்பேருக்கு நீலம். சிறுபிள்ளையான உமக்கு நீலம்தான். நான் மிருகமில்லை. தொய்வு என்றபடியால் அம்மாவுக்கும் நீலம்.

பங்கிடுகிற ஆளுக்கு உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியக்கூடாது. எங்கள் தொழிலில் அது அரிச்சுவடி. ஆகவே அந்த வேலையை உங்கள் அம்மாவிடம் கொடுத்தேன். “ஒண்டு கலகெதரையான், மற்றது மாவனல்லையான். ஆருக்கு எது ஒத்துவருது எண்டு பாப்பம்” என்றேன். அவர் சிரித்துவிட்டார். “வெளியிலை ஊர் எரியுது, சேருக்குக் கருப்பட்டியிலையும் ஆராய்ச்சி” என்றார். கெட்டிக்காரி. ஒரு நாளும் மாற்றிக் கொடுக்கவில்லை. ஆம்பிளைகளுக்கு முதல், பிறகு மற்றப் பெண்களுக்கு, பிறகு பிள்ளைக்கு, ஆகக் கடைசியாகத் தனக்கு. எங்கள் பெண்களுக்கு அது ஊறிப்போன பழக்கம். முந்திச் சாப்பிடச் சொன்னால் அடிக்க வருவார்கள்.

நான் ஒவ்வொருவரின் பக்கத்திலும் உட்கார்ந்து கையைப் பிடிப்பேன். நாடி எண்ணத்தான். அவர்கள் அதை வேறுமாதிரி எடுத்துக்கொண்டார்கள். “ஐயா வந்து கையப் புடிச்சாலே போதுங்க, பயமெல்லாம் ஓடிப் போயிருது” என்று மூக்கையா கண் கலங்கிச் சொன்னார். மூக்கையா நீலம். அவருடைய நாடி குதிரை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. சிவப்புக்காரர்களின் நாடி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்குகிற மனிதரின் நாடி. வெளியே கூச்சல் கேட்கும்போதும் அசையவில்லை. எனக்கு ஆனந்தக் கண்ணீரே வந்தது. அதையும் இரக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

சனியன், ஊர் அடங்கத் தொடங்கிவிட்டது. ஹாஷிம் தினமும் குசினி யன்னலால் சோறு கறி தருவான். அவன் மனைவி ரபீகா சமைத்தது. ஒருநாள் வந்து, “சேர், டவுன் இப்ப நல்லம். பகல்ல கர்பியூவும் எடுத்துட்டாங்க. ஆக்கள ஊட்டுக்கு அனுப்பலாம், அல்லாஹ் காப்பாத்திட்டான்” என்றான். “நல்லது ஹாஷிம், நான் சொல்லிவிடுறன். நீர் உள்ளுக்கு வராதேயும், சனம் ஆளைக் கண்டாலே மிரளுது” என்றேன். பிறகு உள்ளே வந்து, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் திரும்பவும் தொடங்கிவிட்டதாம் என்று சொன்னேன். வானொலிப் பெட்டியின் பற்றரியை முதல் நாளே கழற்றி வைத்திருந்தேன்.

முகத்தைச் சுழிக்காதேயும். அரைகுறைத் தரவு ஒன்றுக்கும் உதவாது. பயம் போனால் நான் எதை அளப்பது? கூடுதலாக ஒரு கிழமை இருந்தீர்கள். சாப்பாடு, பாய், தலையணை, எல்லாம் என் செலவு. கிளாக்கர்மார் குளியலறைக்கு யார் முதல் போவதென்று சண்டை பிடித்தார்கள். உயிர் போகிற நேரத்திலும் எங்கள் ஆட்கள் சீனியோரிட்டி பார்ப்பதை விடமாட்டார்கள்.

இதயக் கதை முடிந்தது. வெற்றி. மிச்சம் இருந்தது நுரையீரல். இலண்டனிலிருந்து ஒரு கம்பனிக்காரன் அதற்கு முந்திய வருடம் இங்கே வந்து, இந்தக் கதிரையில் இருந்து கொண்டு, நெஞ்சை அடக்குகிற மருந்து பத்து எங்களிடம் கிடக்கிறது, தொய்வுக்காரரிடம் காட்டு, பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

அன்று பின்னேரம் மழை. உங்கள் அம்மா வழக்கம்போல் பங்கிட்டுக்கொண்டு வந்தார். நீலப் பேணியின் கடைசித் துண்டு உம்முடைய கைக்குப் போனது. நான் குற்றம் சொல்லவில்லை, குழந்தை. தனக்கு வந்தபோது நீலப் பேணி வெறுமை. சிவப்பில் ஒன்று மிஞ்சிக் கிடந்தது. அவர் அதை எடுத்துக் கடித்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாயைத் திறந்தால் எந்தப் பேணியில் என்ன என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும், பரிசோதனை குலைந்துவிடும். ஆகவே பேசவில்லை.

இல்லை, இதுவும் பிழையான தரவு. திருத்திக்கொள்ளும். அவர் முதலில் எடுக்கவில்லை. “எனக்கு வேண்டாம், வெறும் தேத்தண்ணியே போதும்” என்றார். “சிவப்பிலை ஒண்டு மிஞ்சிக் கிடக்குதே. ஊரே பட்டினி கிடக்கிற நேரம் எறியிறதே?” என்றேன் நான். எங்கள் பெண்களுக்குச் சாப்பாட்டை எறிகிற கதை சொன்னால் போதும். எடுத்துவிட்டார். அன்று காலையில் நீலப் பேணிக்கு ஒரு துண்டு குறைவாகவும் சிவப்புக்கு ஒரு துண்டு கூடவும் வெட்டி வைத்தது நான்தான். கடைசியாக எடுக்கிறவர் யார் என்று இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மோசமான எண்ணத்தோடு செய்யவில்லை. அவர் நன்றாக இருப்பார் என்றுதான் நம்பினேன். என் மருந்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை. தன் பிள்ளையைப் பற்றி யார்தான் கூடாமல் நினைப்பார்கள்?

கொஞ்ச நேரத்தில் இழுப்புத் தொடங்கியது. அந்தக் கதிரையில்தான், நீர் இப்போது இருக்கிறீரே, அதில் முன்னால் குனிந்து, இரண்டு தோளும் ஏறி இறங்க இருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தேன். அப்பா பதறிப்போனார். “சேர், ஊசி” என்றார்.

“பொறும். ஊசிக் குழாயைக் கொதிக்க வைக்கவேணும். அடுப்பை மூட்டித் தண்ணியைச் சுடவையும்” என்றேன். விறகு ஈரம். ஊதி ஊதி அந்த மனிதன் கண்ணெல்லாம் சிவந்துபோனான். கொதித்த குழாய் ஒன்று அலுமாரியில் துணி சுற்றித் தயாராகத்தான் இருந்தது. அப்பா ஓடி வருவார், “போடுவமே சேர்?” என்பார். “இன்னும் கொஞ்சம் பாப்பம்” என்பேன். “சேர் சொன்னாச் சரி” என்று திரும்பவும் அடுப்புக்கு ஓடுவார். கலாநிதிப் பட்டத்துக்கு எங்கள் ஊரில் இருக்கிற மரியாதை வேறெங்கும் கிடையாது.

ஏன் போடவில்லை என்று உமக்கு விளங்கியிருக்கும், நீர் படித்தவர். அந்த ஊசி மருந்து உட்காருவதும் நுரையீரலின் அதே ஆசனத்தில்தான். போட்ட பிறகு மூச்சு விட்டிருந்தால், என் மருந்து அந்த ஆசனத்தைத் தொடவில்லையா, அல்லது ஊசி வந்து லேஞ்சியைத் தூக்கி எறிந்ததா என்று ஒருக்காலும் தெரிந்திருக்காது. தானாகவே இழுப்பு அடங்கினால் என் மருந்து சுத்தம். அடங்காவிட்டால் சுத்தமில்லை. கொஞ்சம் பொறுத்தால் விடை கிடைக்கும். பொறுத்தேன். கிடைத்தது.

கே.எஸ். பதினான்கு சுத்தமில்லை.

எனக்குத் தெரிந்த டொக்டர் ஒருவர் கலவர அதிர்ச்சியில் தொய்வு என்று மரணச் சான்றிதழ் எழுதித் தந்தார். கடை எரித்தவர்கள் தாங்கள் செய்யாத ஒன்றையும் தங்கள் தலையில் ஏற்றிக்கொண்டார்கள். அவர்களுக்கு அது பாரமாக இருந்திருக்காது. மறுநாள் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினேன். உங்கள் அப்பா என் காலைத் தொட வந்தார். நான் தடுத்துவிட்டேன். எனக்கு அந்த மாதிரிப் பழக்கங்கள் பிடிக்காது. “நீங்கள் செய்ய வேண்டியதெல்லாம் செய்தியள் சேர், எங்கடை விதி” என்றார். இன்றுவரைக்கும் தைப்பொங்கலுக்கு ஒரு குட்டான் பனங்கட்டி அனுப்பிக்கொண்டிருக்கிறார். நல்ல மனிதர்.

அம்மாவின் முடிவை வைத்துத்தான் மூலக்கூறின் எந்தக் கிளை பிழை என்று கண்டுபிடித்தேன். அதை வெட்டி வேறொன்றை ஒட்டினேன். பதினைந்தாவது இதயத்தைத் தவிர ஒன்றையும் தொடுவதில்லை. கம்பனிக்காரன் ஓடி வந்து வாங்கினான். இன்று எந்த நாட்டில் எந்தக் கிழவன் காலையில் விழுங்குகிறானோ தெரியாது, ஆனால் உங்கள் அப்பா விழுங்குகிறார். பிரஷர் என்று எழுதியிருந்தார், நான்தான் ஒரு பெட்டி அனுப்பினேன். உங்கள் அம்மா இல்லாவிட்டால் அந்த மருந்து இல்லை. அவர் பெயரை மலரில் போடுவதானால் எனக்கு மறுப்பில்லை, ஆய்வில் ஒத்துழைத்தவர் என்று போடலாம்.

ஏன் எழும்புகிறீர்? பெட்டியை நிற்பாட்ட வேண்டாம், ஓடட்டும்.

என்ன கேட்டீர்? சத்தமாகச் சொல்லும். அம்மா பயந்தவவோ என்றா கேட்டீர்?

இல்லை. அதுதானே நான் இவ்வளவு நேரமும் சொன்னது. நாடி அறுபத்து நான்கு. கடைசிவரைக்கும் அசையவில்லை. அந்த நாட்களில் இந்த நாட்டில் செத்த எங்கள் ஆட்களில் அப்படி நிதானமாகச் செத்தவர் வேறு ஒருவரும் இருந்திருக்க முடியாது. நான் கையை விடவே இல்லை. பேச முடியவில்லை, ஆகவே மற்றக் கையை அலுமாரிப் பக்கம் நீட்டினார். நீட்டினபடியே வைத்திருந்தார். அலுமாரிக்கு மேலே வீட்டுக்காரர் மாட்டிய சாமிப் படம் ஒன்று இருந்தது. எனக்குச் சாமியில் நம்பிக்கை கிடையாது, ஆனாலும் கும்பிடுகிறவரை நான் குழப்புவதில்லை. கும்பிடட்டும் என்று விட்டேன்.

பிறகு என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். இந்தா, பாரும், நாலு நகமும் பதிந்த தழும்பு இன்னும் இருக்கிறது. இத்தனை வருடத்தில் எவ்வளவோ பேர் இந்தக் கையைப் பிடித்து நன்றி சொல்லியிருக்கிறார்கள். உங்கள் அம்மா மாதிரி மனதாரச் சொன்னவர் ஒருவரும் இல்லை.